வீடியோ கேமுக்குப் பொதுப்பணம்: ஆக்கவா, காக்கவா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் போதாத நிலையில், கோடிகோடியாக லாபம் பார்க்கும் வீடியோ கேம் தொழிலுக்குக் கலை என்று பெயர் சூட்டி வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும், யாரும் ஆடாத பழைய கேம்களை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் எதற்காகக் கட்டிக்காக்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கேம் கலையா என்பது ஒன்று. புதிய கேம்களை உருவாக்க அரசு பணம் தரலாமா என்பது இரண்டு. ஏற்கெனவே வந்தவற்றை அழியாமல் வைத்திருக்க அரசு செலவழிக்கலாமா என்பது மூன்று. முதலாவதைத் தீர்த்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகத் தீர்ந்துவிடும் என்ற நினைப்பில்தான் பெரும்பாலான விவாதங்கள் நடக்கின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. மூன்றாவதற்குத் தயங்காமல் ஆம் என்பேன். முதல் கேள்விக்குத் தீர்ப்பு வரும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு, எந்த வடிவில் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் ஆவணங்களைக் காப்பது என் தொழில். பழைய ஃப்ளாப்பி, காட்ரிட்ஜ், குறுந்தகடு, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் இருக்கும் தரவை வெளியே எடுப்பது, எடுத்தது பிழையில்லாமல் இருக்கிறதா என்று சோதிப்பது, இன்றைய கணினியில் அதை ஓட வைப்பது என்று பல ஆண்டுகள் போயிருக்கின்றன. ஆகவே காப்பு வேலையைப் பற்றிச் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். நல்கை, அதாவது திருப்பித் தர வேண்டாத நிதியுதவி, வழங்கும் குழுக்களில் நான் உட்கார்ந்ததில்லை; பொருளாதாரம் என் துறையும் அல்ல. அந்தப் பகுதி வரும்போது என் கருத்தைக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கலையா இல்லையா என்ற சண்டையில் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. வீடியோ கேம் ஒருபோதும் கலையாக முடியாது என்று அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010-இல் எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பிரான்ஸ் அரசு, மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவுக்குக் கலை, இலக்கியத்துக்கான செவாலியே விருதைக் கொடுத்திருந்தது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நூல்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் உள்ள பேச்சுரிமைப் பாதுகாப்பு கேம்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கேம்களைத் தன் தொகுப்பில் சேர்த்தது. விருதும் தீர்ப்பும் ஒன்றைக் கலையாக்கிவிடாது என்பது உண்மை. படைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த 14-இல் ஒன்று, ஜேசன் ரோரர் 2007-இல் தனியாளாகச் செய்த 'பாஸேஜ்'. ஐந்து நிமிடம் ஓடும். 100 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட ஒரு கீற்றில் ஒரு மனிதன் இடமிருந்து வலமாக நடக்கிறான். வழியில் ஒரு துணை கிடைக்கும். சேர்த்துக்கொள்ளலாம், விட்டுவிட்டும் போகலாம். சேர்த்துக்கொண்டால் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய குறுகிய வழிகளுக்குள் இனிப் போக முடியாது. நடக்க நடக்க இருவருக்கும் வயதாகிறது. துணை முதலில் இறக்கிறாள், பிறகு அவனும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. எதை ஏற்றோம், அதற்காக எதை இழந்தோம் என்பதை ஆடுகிறவரின் விரல்களே தீர்மானிக்கின்றன. பார்க்கிறவர் இந்த வலியை வேடிக்கை பார்க்கலாம். ஆடுகிறவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். வேறெந்தக் கலையும் இதை இந்த வழியில் செய்வதில்லை. எல்லா கேமும் இப்படியா என்றால், இல்லை. வந்த திரைப்படங்களெல்லாம் கலையாக இருக்கின்றனவா? சில கேம்கள் கலை. பல நல்ல கைவினை. மிகப்பல வெறும் சரக்கு. இது என் தீர்ப்பு, நீங்கள் மாறுபடலாம். மாறுபட்டாலும் அடுத்து நான் சொல்லப்போவது பாதிக்கப்படாது.

ஏனென்றால் கலை என்ற தீர்ப்பு எப்போதும் தாமதமாக வருகிறது, பண்டமோ அதற்குள் அழிந்துவிடுகிறது. அமெரிக்க ஊமைப் படங்களின் கதை இதற்குச் சரியான சாட்சி. 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள ஊமைப் படங்கள் 10,919 என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக மிஞ்சியவை 14 விழுக்காடு. ஏறத்தாழ 70 விழுக்காடு சுவடில்லாமல் போய்விட்டன. தயாரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஓடி முடிந்த படம் அவர்களுக்கு இடத்தை அடைக்கும், எளிதில் தீப்பிடிக்கும் சுருள். சிலர் அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கினார்கள். 1937-இல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அதன் ஊமைப் படங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் போயிற்று. சினிமா ஒரு கலை என்பதில் உலகம் உடன்பட்டபோது, எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கும் நிலையை அந்தப் படங்கள் தாண்டியிருந்தன.

கேம்களிலும் அது தொடக்கத்திலேயே நடந்தது. 1958-இல் அமெரிக்க அரசின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாத்தம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர் நாளுக்காக, மின் அலைகளைக் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியின் திரையில் இருவர் ஆடும் டென்னிஸை அமைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு முறை காட்டிவிட்டு, பாகங்களைப் பிரித்து வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தின் 50-ஆம் ஆண்டு விழாவுக்காக 1997-இல் அதை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1984-இல், விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேம் பிறந்ததும் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில்தான். அலெக்ஸி பஜித்னோவ் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பொதுப்பணத்துக்கும் கேமுக்கும் உறவே கிடையாது என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை பற்றி அதிகம் சுற்றிவரும் எண் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்றது. இந்த எண்ணை "87 விழுக்காடு அழிந்துவிட்டன" என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. கடையில் முறைப்படி வாங்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அவற்றில் பலவற்றின் பிரதிகள் சேகரிப்பாளர்களின் அலமாரியிலும் இணையத்தின் சட்டபூர்வமற்ற மூலைகளிலும் இருக்கின்றன. ஒரு மாணவர் அவற்றைப் படிக்க விரும்பினால் பழைய இயந்திரத்தைத் தேடி வாங்க வேண்டும், அல்லது தொலைவில் உள்ள காப்பகத்துக்குப் பயணப்பட வேண்டும், அல்லது சட்டத்தை மீற வேண்டும். எண்ணைச் சரியாகப் படித்தாலும் கவலை குறையவில்லை.

ஒரு கேம் எப்படிச் சாகிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொதுப்பணம் எதற்கு என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. முதலில் பண்டம் சாகிறது. ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு மெல்ல வலுவிழக்கும். பழைய சிப்புகளில் பதிந்த மின்னூட்டம் பத்தாண்டுகளில் கசியும். குறுந்தகட்டின் உலோகப் படலம் அரிக்கப்படும். காப்காம் நிறுவனம் 1990-களில் வெளியிட்ட சி.பி.எஸ்-2 ஆர்கேட் பலகைகளில் (காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகள்), நிரலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கத்தின் திறவுகோல் ஒரு சிறு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருந்தது. திருட்டுப் பிரதியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் மறைந்துவிடும்; பலகை அதற்குப் பிறகு எதையும் ஓட்டாது. பழுதே இல்லாத இயந்திரம் காலண்டர்படி இறந்தது. அந்த மறைகுறியை உடைத்துக் கேம்களைக் காப்பாற்றியவர்கள் சம்பளமில்லாத ஆர்வலர்கள்.

அடுத்து, பண்டம் பிழைத்தாலும் அதைச் சுற்றியிருந்த உலகம் சாகிறது. நிண்டெண்டோவின் 'டக் ஹன்ட்' கேமில் துப்பாக்கியை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த ஒளியைப் பார்க்கும். பழைய படக்குழாய் டிவியின் வேகத்தை நம்பிய இந்த ஏற்பாடு இன்றைய தட்டைத் திரையில் வேலை செய்யாது. 1991-இல் வந்த 'சோனிக்' கேமின் அருவி இன்னும் நுட்பமான விஷயம். அது செங்குத்துக் கோடுகளாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. அக்கால டிவியின் கேபிள் அந்தக் கோடுகளைக் கலங்கடித்து ஒன்றாக்கியதால் தண்ணீர் ஊடுருவித் தெரிவதுபோல் இருந்தது. இன்று அதே கேமைத் துல்லியமான திரையில் ஓட்டினால் வெறும் கோடுகள் நிற்கின்றன. கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. ஓவியர் வரைந்த அருவிதான் இல்லை. பழைய இயந்திரம்போலவே இன்றைய கணினியை நடக்கவைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர்; அதை எழுதுகிறவர்கள் இந்தக் கலங்கலையும் கணக்கிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு துல்லியம் போதும் என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அசல் இயந்திரத்தில் ஓடினால்தான் அது அந்தப் படைப்பு என்போர் உண்டு. இயந்திரங்கள் என்றைக்கும் இருக்கப்போவதில்லை என்பதால் நான் எமுலேட்டர் பக்கம். ஆனால் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில இயந்திரங்களையாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

உருவாக்கிய நிறுவனமே தொலைப்பதும் உண்டு. 2002-இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' கேமைப் பத்தாண்டு கழித்து உயர்தரத்தில் மறுபடி வெளியிட முனைந்தபோது, மூலத் தரவு அந்த நிறுவனத்திடம் இல்லை. விற்பனைக்குப் போன வட்டிலிருந்தே தோண்டியெடுத்துப் பலவற்றைப் புதிதாகச் செய்தார்கள். ஜோர்டன் மெக்னர் 1989-இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் மூல நிரலும் (கேமை உருவாக்க அவர் எழுதிய கட்டளைத் தொகுப்பு) தொலைந்ததாகவே கருதப்பட்டது. 2012-இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டியில் ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். பழைய கணினிகளைக் கையாளத் தெரிந்தவர்கள் கூடி அவற்றைப் படித்தார்கள். இன்று அந்த நிரலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இதை மகிழ்ச்சியான முடிவாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பதைப்புதான் வருகிறது. ஒரு துறையின் அடிப்படைப் படைப்பு, ஒரு குடும்பம் பெட்டியைக் குப்பையில் போடாமல் இருந்ததால் மட்டுமே தப்பியிருக்கிறது.

நான்காவது சாவு புதியது, மிகக் கொடியதும் அதுதான். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம், தனியாக ஆடினாலும் சர்வருடன், அதாவது நிறுவனம் இணையத்தில் நடத்தும் மையக் கணினியுடன், இணைந்தே இயங்கும். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களின் வட்டு அன்றோடு பயனற்றுப் போனது. 2014-இல் கொனாமி இலவசமாக வெளியிட்ட 'பி.டி.' என்ற திகில் கேமை அடுத்த ஆண்டே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே பதிவிறக்கிய கருவிகளில் மட்டும் அது மிச்சமிருந்தது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டி.எஸ்., வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடியபோது, டிஜிட்டலாக மட்டும் விற்ற பல கேம்கள் புதிதாக யாருக்கும் கிடைக்காமல் போயின. பழைய சாவுகளில் காலம் எதிரி. பத்திருபது ஆண்டுகள் அவகாசம் இருந்தது. இதில் ஒரு அறிவிப்பும் ஒரு தேதியும் போதும். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் ஐரோப்பாவில் தொடங்கிய மக்கள் மனுவில் 2025-க்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டது இதனால்தான்.

சந்தையே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஓரளவு பார்க்கிறது. பழைய கணினி கேம்களைப் புதிய இயக்குதளங்களில் ஓடும்படி செய்து விற்கும் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை 2008 முதல் நல்ல வேலை செய்கிறது. ஆனால் விற்கக்கூடியவைதான் சந்தைக்கு வரும். விற்கக்கூடியவையும் சில நேரம் வர முடிவதில்லை: 2000-இல் வெளியாகிப் பாராட்டப்பட்ட 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' கேமை மறுவெளியீடு செய்ய நைட்டைவ் என்ற நிறுவனம் முயன்றது. உரிமை மூன்று பெரிய நிறுவனங்களில் யாரிடம், எந்த அளவில் இருக்கிறது என்பதை அந்த நிறுவனங்களாலேயே திட்டமாகச் சொல்ல முடியவில்லை. முயற்சி நின்றது. கைமாறிக் கைமாறி உரிமையாளர் யாரென்றே தெரியாமல் போன கேம்கள் இதைவிடப் பல மடங்கு. அவற்றை மீட்பதால் யாருக்கும் லாபமில்லை.

ஆக, இதுவரை காப்பு வேலையில் பெரும்பங்கைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். ஆர்கேட் இயந்திரங்களை மென்பொருளில் மறுபடி உருவாக்கும் 'மேம்' திட்டம் 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியாவின் கைவேலையாகத் தொடங்கியது. இன்று ஆய்வாளர்கள் முதலில் தேடிப்போவது அதைத்தான். இந்த மனிதர்களிடம் எனக்குள்ள மரியாதை எல்லையற்றது. ஆனால் ஒரு பண்பாட்டின் நினைவைத் தனிமனிதர்களின் ஓய்வு நேரத்தில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அவர்களுக்கு வயதாகும், வேலை மாறும், வழக்கு வரும்.

இங்கே நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். காப்புக்குப் பணத்தைவிடச் சட்டம்தான் முதல் தடை. அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், நகல் பாதுகாப்பை உடைப்பதைத் தடை செய்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குகளைப் பரிசீலிப்பார்கள். நூலகங்கள் விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்துகாட்ட அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் நிராகரித்தார்கள். மற்ற மென்பொருள்களுக்கு அந்த அனுமதி உண்டு. கேம்களுக்கு இல்லை, கட்டடத்துக்குள் வந்துதான் பார்க்க வேண்டும். ஆய்வு என்ற பெயரில் பொழுதுபோக்காக ஆடுவார்கள் என்பது தொழில்துறை சொன்ன அச்சம். நூலகத்திலிருந்து நாவலை எடுத்துச் செல்பவர் இன்பத்துக்காகப் படித்துவிடுவாரோ என்று யாரும் அஞ்சுவதில்லையே. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் பிறப்பித்த பதிப்புரிமை ஆணை, பண்பாட்டு நிறுவனங்கள் தங்களிடம் உள்ளவற்றைக் காப்புக்காகப் பிரதியெடுக்க இடம் கொடுத்தது. பிரான்ஸில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சான நூலைப்போலவே வெளியாகும் வீடியோ கேமின் பிரதியும் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் பெட்டியில் விற்கும் கேம்களை வாங்கி வைக்கிறது. இவற்றுக்கு ஆகும் செலவு மருத்துவமனையின் பணத்தைப் பிடுங்கும் அளவு அல்ல. நூலகம் ஏற்கெனவே இருக்கிறது; அதன் கடமையில் ஒரு வரி கூடுகிறது, சில திறமையான ஊழியர்கள் கூடுகிறார்கள். முதல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேம் மொத்தமே சுமார் 40 கிலோபைட். சேமிக்கும் இடம் பெரிய செலவில்லை. அதைச் சரியாக எடுத்து, விவரித்து, பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய தளத்துக்கு மாற்றும் மனித உழைப்புதான் செலவு. அதனால்தான் அது ஒருமுறை கொடுக்கும் நன்கொடையாக இல்லாமல் ஆண்டுதோறும் வரும் பொது நிதியாக இருக்க வேண்டும்.

கலைக்கே அரசுப் பணம் கூடாது, திரைப்படக் காப்பகமும் ஓவியக் கூடமும் வேண்டாம் என்பது உங்கள் நிலைப்பாடு என்றால், அதில் முரண்பாடு இல்லை. என் வாதம் உங்களை அசைக்காது. ஆனால் அவற்றுக்குத் தரலாம், கேமுக்கு மட்டும் கூடாது என்றால், ஒரு காரணம் சொல்ல வேண்டும். லாபம் பார்க்கும் தொழில் என்பது காரணமாகாது. சினிமாவும் பதிப்பகமும் லாபத்துக்கு நடப்பவைதான். வன்முறை, அடிமைத்தனம் என்பது இன்னும் கனமான காரணம். உலக சுகாதார நிறுவனம் கேம் ஆடும் கோளாறை நோய்களின் வகைப்பாட்டில் 2019-இல் சேர்த்தது. காசு கொடுத்து என்ன பரிசு வருமென்று தெரியாமல் திறக்கும் பெட்டிகளைச் சில கேம்களில் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. இவற்றை நான் சிறிதாகக் கருதவில்லை. புதிதாக உருவாக்க நல்கை கேட்பவரிடம் இந்தப் பெட்டிகள் கூடாது என்று நிபந்தனை வைப்பது முற்றிலும் சரி. காப்பது மட்டும் வேறு. குழந்தைகளின் பணத்தை ஒரு திரை எப்படி உறிஞ்சியது என்று ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் ஆராய வேண்டுமானால், அந்தத் திரையே அவருக்கு வேண்டும். காப்பகத்தில் இடம் கொடுப்பது பாராட்டுப் பத்திரம் அல்ல.

இனி இரண்டாவது கேள்வி. நான் உறுதி குறைந்து பேசும் இடம். கேம் உருவாக்க அரசுகள் தரும் பணத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. ஒன்று வரிச்சலுகை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1990-களில் தொடங்கியது. அங்கே சம்பளச் செலவில் 37.5 விழுக்காடு வரை திரும்பக் கிடைத்தது. பிரான்ஸ் 2008 முதல், இங்கிலாந்து 2014 முதல் தருகின்றன. ஆஸ்திரேலியா 2021-இல் 30 விழுக்காடு அறிவித்தது. ஆனால் குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவழிக்கும் நிறுவனத்துக்குத்தான். இங்கிலாந்தில் பண்பாட்டுச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள்: கதை எங்கே நடக்கிறது, வசனம் எந்த மொழி, வேலை எங்கே நடந்தது என்று 31 மதிப்பெண், 16 எடுத்தால் போதும். இவையெல்லாம் வேலைவாய்ப்புக் கொள்கைகள். வேலை உண்மையிலேயே கூடியதா, அல்லது அடுத்த நாட்டிலிருந்து இடம்பெயர்ந்ததா என்பதில் பொருளாதார அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. உங்கள் கோபம் இந்த வகையைக் குறிவைத்தது என்றால், அதில் எனக்கும் பங்கு உண்டு. அதிகம் செலவழிப்பவருக்கு அதிகம் கொடுக்கும் திட்டத்தைக் கலையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. தொழில் கொள்கையாக அது தேறுகிறதா என்று தொழில் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

மற்றது, படைப்பைப் பார்த்து நேரடியாகத் தரும் சிறு நல்கை. அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 2011-இல் தன் ஊடகக் கலை விதிகளை விரித்து, கேம்களும் 10,000 முதல் 2,00,000 டாலர் வரை விண்ணப்பிக்க வழி செய்தது. ஒரு கிராமத்தை அலைக்கழிக்கும் வாத்தைப் பற்றி 2019-இல் வந்து உலகெங்கும் ஆடப்பட்ட 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்', நான்கு பேர் கொண்ட மெல்போர்ன் குழுவின் படைப்பு. விக்டோரியா மாநிலத் திரைப்பட அமைப்பு அதற்குக் கைகொடுத்தது. 2014-இல் வந்த 'நெவர் அலோன்' இன்னொரு பாதை: அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடி மன்றம் முன்வந்து, இன்யுபியாக் பழங்குடி மூத்தோருடன் உட்கார்ந்து அவர்களின் கதையை அவர்கள் மொழியிலேயே சொல்ல வைத்தது. சந்தையில் அந்த மொழிக்கு வாங்குவோர் மிகக் குறைவு. அதனாலேயே யாராவது ஒரு பொது அமைப்பு வர வேண்டியிருந்தது. இந்த வகைக்கு நான் ஆதரவு. ஆபத்தும் தெரியும்: குழுவில் இருப்பவர்களின் ரசனையே விதியாகிவிடலாம், ஆட்சி மாறினால் திட்டம் மறையலாம். ஆஸ்திரேலியா 2 கோடி டாலரில் அறிவித்த கேம் நிதியை 2014 பட்ஜெட்டில் பாதியில் நிறுத்தியபோது, அதை நம்பித் திட்டமிட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

இந்த இரண்டு வகைக்கும் சேர்த்து நான் வைக்கும் கோரிக்கை ஒன்று. நல்கையோ வரிச்சலுகையோ, பொதுப்பணம் ஒரு ரூபாய் தொட்டாலும், அந்த கேமின் மூல நிரல், வரைகலை, ஒலி, அதைக் கட்டி எழுப்பப் பயன்பட்ட கருவிகளின் விவரம், சர்வர் தேவைப்பட்டால் அந்த சர்வரின் மென்பொருள் எல்லாம் ஒரு பொதுக் காப்பகத்துக்கு வர வேண்டும். உடனே எல்லோருக்கும் திறக்கச் சொல்லவில்லை. விற்பனை முடியும்வரை பூட்டியே வைக்கலாம். நிறுவனம் மூடினாலோ சர்வரை அணைத்தாலோ திறக்கலாம். இது நடைமுறையில் கூடிவராது என்பவர்களுக்கு 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' ஒரு பதில். 2012-இல் அணைக்கப்பட்ட அந்த இணைய கேமை ரசிகர்கள் தாங்களே சர்வர் வைத்து ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் உரிமை நிறுவனமான என்.சி.சாஃப்ட் அவர்களில் ஒரு குழுவுக்கு முறையான உரிமமே கொடுத்தது. நிறுவனத்துக்கு அதனால் குடி முழுகவில்லை.

ஆனாலும் சர்வரைக் காப்பாற்றினால் எல்லாம் வந்துவிடாது. ஆயிரக்கணக்கானோர் கூடி வாழ்ந்த ஓர் இணைய உலகத்தின் மென்பொருளை எடுத்து வைத்தால், ஆளில்லாத நகரம்தான் கிடைக்கும். நவீனக் கலை அருங்காட்சியகம் 'ஈவ் ஆன்லைன்' கேமைக் காட்சிக்கு வைத்தபோது, அதில் வாழ்ந்த வீரர்களின் பங்களிப்பைக் கொண்டு செய்த காணொளியைத்தான் வைத்தது. நேரடியாக ஆடக் கொடுத்தால் பார்வையாளருக்கு ஒன்றும் புரிந்திராது. இவ்வகை கேம்களுக்கு முழுமையான காப்பு என்ற ஒன்று எங்கள் துறையிடம் இல்லை. ஆடியவர்களின் பதிவுகள், அரட்டைகள், காணொளிகள், அவர்கள் சொல்லும் நினைவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கிறோம். நாடகம், நடனம் ஆகியவற்றுக்குக் காப்பகங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் வரிசை இப்படி இருக்கும். சிறந்தவை எவை என்று பட்டியல் போடுவதில் காலம் போக்க வேண்டாம். புகழ்பெற்றவை எப்படியும் பிழைக்கும், குறிப்பேடுகளில் பெயர்கூட இல்லாதவைதான் முதலில் போகும். காந்த ஊடகங்களையும் பேட்டரியை நம்பிய பலகைகளையும் முதலில் படித்து எடுக்க வேண்டும். கூடவே சட்டத் திருத்தம். அதோடு, 1970-களிலும் 80-களிலும் இவற்றை எழுதியவர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். 40 கிலோபைட்டுக்குள் ஓர் உலகத்தை எப்படி அடைத்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள், ஏன் அந்தத் தாவலுக்கு அந்த உயரம் என்பதெல்லாம் எந்த நிரலிலும் எழுதப்பட்டிருக்காது. அவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். இதற்குத் தேவை ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், அவர்கள் வீட்டுக்குப் போய்வரும் செலவும், கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரின் சம்பளமும்தான்.